அதிகாரியின் மெமோவும் வீட்டு முகவரியும் ஒன்றா?

ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் வேலை பார்க்கும் உதவிப் பொறியாளரைப் பற்றி யாரோ ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து விவரங்கள் கேட்கிறார். அவர் அரசுக்குக் கொடுத்த அசையாச் சொத்து விவரம். அவருக்குத் தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் 17(பி) பிரிவில், அதாவது பெரிய தண்டனைக்குரிய குற்றச்சாட்டுக்கு, குறிப்பாணை (மெமோ) கொடுத்தார்களா, கொடுத்திருந்தால் முடிவு என்ன. வேலையில் சேரும்போது காட்டிய கல்விச் சான்று. மருத்துவ விடுப்புக்குச் சொன்ன காரணம். கடைசியாக, வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும்.

பொதுப்புத்தியில் யோசித்தாலே இந்த ஐந்தும் ஒரு தரத்தவை அல்ல என்று தெரியும். ஆனால் 2025 நவம்பர் முதல், பொதுத் தகவல் அலுவலர் இந்த ஐந்தையும் ஒரே வரியில் மறுத்துவிடலாம்: "தனிப்பட்ட விவரம், பிரிவு 8(1)(ஜே)." 2023இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3)ஆம் பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்துக்குள் புகுந்து அந்த உட்பிரிவை வெட்டிச் சுருக்கியது. அது நடைமுறைக்கு வந்தது விதிகள் அறிவிக்கப்பட்ட 2025 நவம்பரில்தான்.

இதைச் சரி என்பவர்கள் இருக்கிறார்கள், பழையபடி ஆக்கு என்பவர்களும் இருக்கிறார்கள். வேறு வழிகளும் கைவசம் உண்டு. ஒவ்வொன்றிலும் நம் பொறியாளரின் ஐந்து விவரங்களை நிறுத்திப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

2005இன் வாசகம்

பழைய 8(1)(ஜே)யில் மூன்று கட்டம் இருந்தது. பொதுப் பணியோடு, பொது நலனோடு தொடர்பே இல்லாத தனிப்பட்ட தகவலைத் தர வேண்டியதில்லை. ஒருவருடைய அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடும் தகவலையும் தர வேண்டியதில்லை. இரண்டுக்கும் மேலே, பெரிய அளவில் பொதுநலன் இருப்பதாக அலுவலரோ மேல்முறையீட்டு அதிகாரியோ கருதினால் கொடுக்கலாம். கூடவே ஒரு வரி: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமக்கள் யாருக்கும் மறுக்கக் கூடாது. சட்டமன்ற உறுப்பினர் கேள்வி நேரத்தில் கேட்டால் அமைச்சர் சொல்லியே ஆக வேண்டிய ஒன்றை, டீக்கடைக்காரர் கேட்டாலும் சொல்ல வேண்டும். இவ்வளவு எளிமையாக எழுதப்பட்ட ஜனநாயக வாசகம் நம் சட்டப் புத்தகங்களில் அபூர்வம்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய தீர்ப்பும் நிற்கிறது. அது நம்மூர் வழக்கு. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிடவிருந்தது. அதில் சில ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளின் தொடர்புகள் வருகின்றன என்றார்கள். வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை மேலிடம் கடிதம் எழுதியது. 1994இல் உச்ச நீதிமன்றம் ராஜகோபால் வழக்கில் சொன்னது இதுதான்: அந்தரங்க உரிமை எல்லோருக்கும் உண்டு, ஆனால் அரசு அதிகாரி, தன் அலுவல் கடமை சார்ந்த செயல்களுக்கு அந்த உரிமையைக் காட்டி ஒதுங்க முடியாது. நபரைப் பார்த்துக் கோடு போடாமல் செயலைப் பார்த்துப் போட்ட தீர்ப்பு அது.

இந்தக் கோட்டில் நிறுத்தினால் நம் ஐந்தில் முதல் மூன்றும் திறக்க வேண்டும், கடைசி இரண்டும் மூடியிருக்க வேண்டும். நடைமுறையில் அப்படி நடந்ததா என்றால், பாதிதான். 2012இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓர் ஊழியருக்குக் கொடுத்த மெமோ, விளக்கம் கேட்பு, தண்டனை எல்லாம் ஊழியருக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான விஷயம், எனவே தனிப்பட்ட தகவல் என்றது. சொத்து விவரமும் வருமான வரிக் கணக்கும் அப்படியே; பெரிய பொதுநலன் இருப்பதை மனுதாரர் காட்டினால்தான் கிடைக்கும். 2019இல் சுபாஷ் சந்திர அகர்வால் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு பட்டியலே தந்தது. பெயர், முகவரி, உடல்நிலை, மதிப்பெண், மந்தண அறிக்கை, ஒழுங்கு நடவடிக்கை, மருத்துவ ஆவணம், சொத்து எல்லாம் ஒரே வரிசையில் வந்தன. ரத்தச் சோதனை முடிவையும் லஞ்சப் புகாரில் வந்த தண்டனை ஆணையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள். சூழ்நிலைக்கேற்ப எடைபோட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆனால் தாலுகா அலுவலகத்தில் மனுவுக்குப் பதில் எழுதுபவர் எடைபோடும் பகுதியை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஆகவே 'பழையபடி ஆக்கினால் போதும்' என்பவர்களோடு என்னால் முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. பழைய வாசகம் நல்லதுதான். அதற்கு மேல் படிந்த விளக்கங்கள்தான் அதைக் கெடுத்தன. 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், பொது ஊழியரின் சொத்து விவரத்தை மொத்தமாக அந்தரங்கம் என்று ஒதுக்க முடியாது என்று சொன்னபோது கொஞ்சம் கதவு திறந்தது. ஓராண்டுக்குள் சட்டமே மாறிவிட்டது.

இப்போதைய வாசகம்

புதிய உட்பிரிவில் மிஞ்சியிருப்பது ஒன்றே: தனிப்பட்ட தகவல் தொடர்பானது என்றால் விலக்கு. பொதுப் பணியோடு தொடர்பு உண்டா என்ற கேள்வி போயிற்று, எடைபோடும் கடமை போயிற்று, சட்டமன்ற உறுப்பினரையும் சாமானியரையும் சமமாக்கிய வரியும் போயிற்று.

அரசின் வாதத்தை அதன் பலத்தோடே சொல்ல வேண்டும். 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அரசு ஊழியரும் குடிமகன்தான். அடுத்தது, 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது: பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிது என்றால் எந்த விலக்கையும் மீறித் தகவலைக் கொடுக்கலாம். மூன்றாவதாக, சட்டப்படி வெளியிட்டே ஆக வேண்டிய விவரங்களுக்குத் தரவுச் சட்டம் பொருந்தாது என்று அதன் 3ஆம் பிரிவே சொல்கிறது. 4(1)(பி)யின் கீழ் ஒவ்வொரு அலுவலகமும் ஊழியர் பட்டியலையும் மாதச் சம்பளத்தையும் தானாகவே வெளியிட வேண்டும், அது தொடரும். தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2025இல் கொடுத்த விளக்கமும் இந்தத் திசையில்தான்.

மூன்றும் உண்மை. ஆனாலும் போதாது. நம் பொறியாளரின் சம்பளம் 4(1)(பி)யில் வரும்; 17(பி) மெமோ அதில் வராது. அதற்கு 8(2) ஒன்றுதான் வழி. பழைய பிரிவில், பொதுப் பணியோடு தொடர்புள்ள தகவல் விலக்குக்குள்ளேயே வராது. மனுதாரர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. இப்போது எல்லாமே முதலில் உள்ளே போய்விடுகிறது, பிறகு பொதுநலன் என்ற சாவியோடு போய்த் திறக்க வேண்டும். அந்தச் சாவியும் 'கொடுக்கலாம்' என்ற சொல்லில் தொங்குகிறது. இந்தப் பக்கம் கொடுக்காவிட்டால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். அந்தப் பக்கம் தரவுச் சட்டத்தின் தண்டத்தொகை 250 கோடி ரூபாய் வரை போகிறது. அது அலுவலரின் சட்டைப்பையிலிருந்து போகிற காசல்ல. நிறுவனத்தின் மேல் விழுவது. இருந்தாலும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் மனதில் எந்த எண் பெரிதாகத் தெரியும்?

பெரிய அதிகாரிகளுக்கு மட்டுமான சிக்கல் இது என்று நினைத்துவிட வேண்டாம். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற மக்கள் அமைப்பு 1994இலிருந்து ஊர் நடுவே நடத்திய பொது விசாரணைகளில் வாசிக்கப்பட்டவை கூலியாட்களின் பெயர்ப் பட்டியல்கள். செத்தவர் பெயரிலும் ஊரிலேயே இல்லாதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது வெளியே வந்தது பெயர்களைச் சத்தமாக வாசித்ததால்தான். தகவல் உரிமைச் சட்டமே அந்த வாசிப்பிலிருந்து பிறந்தது. பெயர் என்பது தனிப்பட்ட தகவல். பெயரை மறைத்த மஸ்டர் ரோலை வைத்துக்கொண்டு சமூகத் தணிக்கை செய்பவர் என்ன கண்டுபிடிப்பார்?

பாதிப்பை எடைபோடும் வழி

2018இல் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு, தரவுச் சட்டத்துக்கு முதல் வரைவு எழுதியது. அதுவும் 8(1)(ஜே)யைத் திருத்தச் சொன்னதுதான், ஆனால் வேறு மாதிரி. வெளியிடுவதால் அந்த நபருக்குத் தீங்கு வர வாய்ப்பு இருக்க வேண்டும், அந்தத் தீங்கு, வெளிப்படைத்தன்மையால் வரும் பொதுநலனை மிஞ்ச வேண்டும், அப்போதுதான் மறுக்கலாம். காகிதத்தில் இதுதான் அழகு. நம் ஐந்தில் முகவரியும் மருத்துவக் காரணமும் தானாக மூடிக்கொள்ளும்.

ஆனால் அதே வரைவில் 'தீங்கு' என்றால் என்ன என்ற விளக்கத்தைப் படித்தால் ஓர் ஓட்டை தெரிகிறது. உடல் காயம், பண இழப்பு, அடையாளத் திருட்டு இவற்றோடு நற்பெயர் இழப்பும் அவமானமும் வேலை இழப்பும் அதில் சேர்க்கப்பட்டிருந்தன. லஞ்சம் வாங்கித் தண்டிக்கப்பட்டவரின் ஆணை வெளியே வந்தால் அவருடைய பெயர் கெடத்தான் செய்யும். அதைத் தீங்குக் கணக்கில் எழுதி எடைபோட ஆரம்பித்தால், தவறு பெரிதாகப் பெரிதாக மறைக்கும் காரணமும் பெரிதாகும். அலுவல் நடத்தையால் வரும் பெயர்க்கேடு தீங்குக் கணக்கில் சேராது என்று ஒரு வரி சேர்த்தால் இந்த வழி பிழைக்கும். சேர்க்காவிட்டால் இது இப்போதைய வாசகத்தைக் கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னதாகவே முடியும்.

முகவரியை மட்டும் பூட்டினால்?

அமெரிக்காவில் பிடித்த வழி இது. நியூ ஜெர்சியில் 2020 ஜூலையில் கூட்டாட்சி நீதிபதி எஸ்தர் சலாஸின் வீட்டுக்கு, அவர் முன் வழக்காடிய வழக்கறிஞர் ஒருவரே துப்பாக்கியோடு வந்தார். நீதிபதியின் 20 வயது மகன் கொல்லப்பட்டார். அந்த ஆண்டே மகன் பெயரில் டேனியல் சட்டம் வந்தது. நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள், காவல்துறையினர் கேட்டுக்கொண்டால் அவர்களுடைய வீட்டு முகவரியையும் வெளியிடப்படாத தொலைபேசி எண்ணையும் வெளியிடக் கூடாது. சம்பளம், தண்டனை, தீர்ப்பு எதையும் அது தொடவில்லை. ஆபத்து எங்கிருந்து வருகிறதோ அங்கே மட்டும் கை வைக்கிற சட்டம். எனக்கு இதன் அளவு பிடித்திருக்கிறது.

ஆனாலும் முகவரி எப்போதுமே வெறும் அந்தரங்கம்தானா? பிரிட்டனில் 2009இல் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு விவகாரம் வெடித்தது நினைவிருக்கும். நாடாளுமன்றம் அதிகாரபூர்வமாக வெளியிட்ட ரசீதுகளில் முகவரிகள் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தன, பாதுகாப்புக் காரணம் என்று. அதற்கு முன்பே டெய்லி டெலிகிராப் பத்திரிகைக்கு அழிக்கப்படாத பிரதி கிடைத்துவிட்டது. சில உறுப்பினர்கள் 'இரண்டாவது வீடு' எது என்பதை மாற்றி மாற்றிக் காட்டி, ஒவ்வொரு வீட்டின் செலவையும் மக்கள் பணத்தில் எழுதிக்கொண்டது வெளிப்பட்டதே முகவரிகளை வைத்துத்தான். கறுப்பு மை பூசிய பிரதி மட்டும் கிடைத்திருந்தால் அந்த மோசடி ரசீதுக்குள்ளேயே தூங்கியிருக்கும். அவைத்தலைவர் மைக்கேல் மார்ட்டின் பதவி விலகவும் நேர்ந்திருக்காது.

நியூ ஜெர்சியிலேயே இதற்கு ஒரு நடுவழி கிடைத்தது. நியூ பிரன்ஸ்விக் நகரத்தின் காவல்துறை இயக்குநர், வேலை பார்க்கும் ஊரிலிருந்து வெகு தூரத்தில் கேப் மே என்ற கடற்கரை ஊரில் குடியிருப்பதாக உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவர் ஆவணங்களில் கண்டுபிடித்தார். முகவரியை வெளியிட்டால் நடவடிக்கை என்று நோட்டீஸ் வந்தது. 2025இல் மாநில உச்ச நீதிமன்றம், தெருவையும் கதவு எண்ணையும் வெளியிட முடியாது என்றது. அவர் கேப் மேயில் குடியிருக்கிறார் என்று எழுத அந்தச் சட்டம் தடையில்லை.

ஊர் தெரியலாம், கதவு எண் வேண்டாம். இது நமக்கும் பொருந்துகிற கோடு. கிராம நிர்வாக அலுவலர் தன் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. அவர் அங்கே இல்லை, மாவட்டத் தலைநகரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறார் என்றால், அதைக் கேட்க ஊர்க்காரருக்கு உரிமை உண்டு. அதற்கு அவருடைய ஊர் தெரிந்தால் போதும். அவருடைய பிள்ளைகள் விளையாடும் வாசல் எது என்று தெரிய வேண்டியதில்லை.

யாரும் கேட்காமலே வெளியிடுவது

இந்த வழியில் நாம் ஏற்கெனவே பாதி நடந்துவிட்டோம், ஆனால் கோணல்மாணலாக. தேர்தலில் நிற்பவர் படிவம் 26இல் தன் சொத்தையும் மனைவி அல்லது கணவரின் சொத்தையும், எத்தனை சவரன் நகை என்பது வரை எழுதிக் கொடுக்க வேண்டும். அது இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். 2002இலும் 2003இலும் உச்ச நீதிமன்றம் வற்புறுத்தி வந்த ஏற்பாடு. ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் அசையாச் சொத்து விவரம் மத்தியப் பணியாளர் துறையின் தளத்தில் இருக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 2025 மே மாதம் தங்கள் சொத்து விவரங்களைத் தாங்களே வெளியிடத் தொடங்கினார்கள். லோக்பால் சட்டம் மட்டும் எதிர்த்திசையில் போனது: பொது ஊழியர்களின் சொத்து அறிக்கைகள் இணையதளத்தில் வர வேண்டும் என்று 2013இல் எழுதப்பட்டதை 2016 திருத்தம் கரைத்துவிட்டது.

விளைவு என்னவென்றால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டுக் கேட்டு வருகிறவரின் மனைவி கழுத்துச் சங்கிலி வரை நமக்குத் தெரிகிறது. பட்டா மாறுதலுக்கு நம்மை நடையாய் நடக்கவிடுகிறவரின் சொத்து அரசாங்க ரகசியம் போல் இருக்கிறது. அன்றாட வாழ்க்கையில் யாருடைய அதிகாரம் நம் மேல் அதிகம் விழுகிறது என்று பார்த்தால் இந்த ஏற்பாடு தலைகீழ்.

இலங்கையைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் 5(1)(அ) பிரிவு, கிட்டத்தட்ட நம் பழைய 8(1)(ஜே)யேதான். சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தாலும் கொடுக்கலாம் என்று ஒரு வழி கூடுதலாக உண்டு. நாம் கைவிட்ட வாசகத்தை அவர்கள் வைத்திருக்கிறார்கள். 2023இன் ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதற்கு மேல் ஒரு படி போய், சொத்துப் பிரகடனங்களைச் சில விவரங்கள் மறைத்து இணையத்தில் வெளியிடச் சொல்கிறது. மறைக்க வேண்டியதை மட்டும் மறைப்பது நமக்கும் புதிதல்ல. தகவல் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

நார்வேயில் ஒவ்வொருவரின் வருமான வரி விவரத்தையும் யாரும் தேடலாம். ஆனால் 2014 முதல், தேடியது யார் என்பது தேடப்பட்டவருக்குத் தெரியும். வேடிக்கைக்குத் தேடுவது உடனே சரிந்தது. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இங்கே வேண்டவே வேண்டாம். தகவல் உரிமை மனுக்கள் போட்டு நில மோசடிகளைத் தோண்டிய சதீஷ் ஷெட்டி 2010இல் புனே அருகே கொல்லப்பட்ட நாடு இது. மனுதாரர் தபால் பெட்டி எண் கொடுத்தால் போதும் என்று 2013இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. இந்த விவாதத்தில் அந்தரங்கம் தேவைப்படுகிற முதல் ஆள் மனுதாரர்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எதைத் தேர்ந்தெடுப்பது

எனக்குக் கிடைத்த விடை ஒரு கலவை. அடித்தளத்தில் 2005இன் வாசகம், சட்டமன்ற வரி உட்பட. அதன் மேல் இரண்டு நிலையான பட்டியல். என்றும் மூடியவை: கதவு எண், கைபேசி எண், ஆதார், வங்கிக் கணக்கு எண், மருத்துவ விவரம், பிள்ளைகளின் விவரம். என்றும் திறந்தவை: பதவிக்குத் தகுதியாகக் காட்டிய சான்று, குறிப்பிட்ட நிலைக்கு மேற்பட்டவர்களின் அசையாச் சொத்து, ஒழுங்கு நடவடிக்கையின் இறுதி ஆணை. இடையில் வரும் மற்றவற்றுக்கு ஸ்ரீகிருஷ்ணா குழுவின் எடைக்கல், நற்பெயர் ஓட்டையை அடைத்த பிறகு.

'இறுதி ஆணை' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 17(பி) மெமோ எல்லா நேரமும் தப்பு செய்தவருக்கே போகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேலதிகாரி சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடாதவருக்கும் போகும். பதவி உயர்வுக்கு வரிசையில் நிற்பவரைத் தடுக்கவும் போகும். விசாரணை முடியுமுன் அதைப் பரப்புவது அந்த விளையாட்டுக்குத் துணைபோவது. முடிந்த பிறகு, குற்றமற்றவர் என்று வந்தாலும் தண்டனை வந்தாலும், ஆணை வெளியே வர வேண்டும். பாலியல் துன்புறுத்தல் விசாரணைகள் இதில் தனி வகை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தையும் மீறி, புகார் கொடுத்தவரின் அடையாளத்தையும் விசாரணை விவரத்தையும் மூடுகிறது. அடையாளம் தெரியாதபடி நீதி கிடைத்த செய்தியை மட்டும் சொல்லலாம். எங்கே வெட்ட வேண்டுமோ அங்கே மட்டும் வெட்டுகிற விலக்கை எழுத நம் நாடாளுமன்றத்துக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி.

கல்விச் சான்றைத் திறந்த பட்டியலில் வைத்ததற்கு எதிர்ப்பு வரும். பிரதமரின் பட்டம் தொடர்பான வழக்கில் 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், பட்டமும் மதிப்பெண்ணும் தனிப்பட்ட தகவல் என்றது. அந்தப் பதவிக்குப் பட்டம் தகுதி நிபந்தனை இல்லை என்பது அங்கே ஒரு வாதம். அந்த வாதத்தை ஏற்றாலும் நம் பொறியாளருக்கு அது உதவாது. பட்டம் இல்லாமல் அவருக்கு அந்த நாற்காலியே இல்லை.

சட்டம் மாறும்வரை மனுப் போடுகிறவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. ஐந்தையும் ஒரே மனுவில் கேட்காதீர்கள்; கைபேசி எண்ணைக் காரணம் காட்டி சொத்து விவரமும் சேர்ந்து மறுக்கப்படும். பெயர் அவசியமில்லாத இடத்தில் எண்ணிக்கை கேளுங்கள்: இந்த ஒன்றியத்தில் மூன்று ஆண்டுகளில் எத்தனை பேருக்கு 17(பி), எத்தனை பேருக்கு என்ன தண்டனை. எண்ணிக்கை யாருடைய அந்தரங்கமும் அல்ல. பெயர் அவசியம் என்றால், அதில் என்ன பொதுநலன் என்பதை 8(2)ஐக் குறிப்பிட்டு மனுவிலேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று 6(2) சொன்னாலும், இப்போது சொல்லாமலிருந்தால் நமக்குத்தான் நட்டம். மறைக்க வேண்டியதை 10ஆம் பிரிவின்படி மறைத்துவிட்டு மீதியைத் தரும்படியும் கேளுங்கள். மறுப்பு வந்தால், முதல் மேல்முறையீட்டுக்குத் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் போட வேண்டும். அதில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 8(2)இன் கீழ் எடைபோட்டீர்களா, போட்டிருந்தால் அந்தக் கோப்புக் குறிப்பு எங்கே? மறுப்பு சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுத்த அலுவலருடையது என்று சொல்லும் 19(5)இல் இன்னும் யாரும் கை வைக்கவில்லை.